பாய் கடை டீயில் என்ன கலந்திருக்கிறது

டீக்குத் தண்ணீர் கொதிக்க வேண்டும், ஆனால் கொதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. பெரிய குமிழி வந்ததும் தூளைப் போட்டு மூடிவிட வேண்டும். வெகுநேரம் கொதித்துக் கிடந்த தண்ணீரில் போட்ட டீக்கு உயிர் இருக்காது. வாக்குமூலத்தை யாரும் இப்படி ஆரம்பிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்டது டீயைப் பற்றித்தான்.

போன திங்கட்கிழமை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் என் கடைக்கு வந்தீர்கள். டீத்தூளை மூன்று பாட்டிலில் போட்டு அரக்கு வைத்தீர்கள். "இதுல என்ன கலந்திருக்கேன்னு நீயே ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு, உனக்குத்தான் நல்லது" என்றீர்கள். உணவு ஆய்வாளர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். ஒரு தாளில் அடங்காது என்பதால் ஆறு தாள் வாங்கி வந்திருக்கிறேன்.

என் பெயர் குப்புராஜ். பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவன். சேலத்தில் ஒரு நூல் மில்லில் ஐந்து வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தேன், அதையும் பாதியில் விட்டேன். மில்லில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயம் டீ. அங்கே மூன்று மணிக்கு ஒரு டீ கொடுப்பார்கள். அதைக் குடித்தால் தூக்கம் போகும், பசி மறக்கும், தலைவலி நிற்கும், விடியும்வரை கை நடுங்காமல் வேலை செய்யும். மனிதனை எது தொடர்ந்து வேலை செய்ய வைக்கிறதோ அதற்குத்தான் உலகத்தில் ஆரோக்கியம் என்று பெயர். அப்போதே அது எனக்குப் புரிந்துவிட்டது.

அறுபத்தாறில் பென்னாகரத்தில் கடை போட்டேன். அன்றைக்கு இங்கே கூழும் மோரும்தான். டீ குடித்தால் கறுத்துப்போவோம் என்று பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். நான்தான் அவர்களைத் திருத்தினேன். ஒரு தகரப் பலகையில் எழுதி மாட்டினேன்: சளிக்குச் சுக்கு டீ, அஜீரணத்துக்கு இஞ்சி டீ, காய்ச்சலுக்குத் துளசி டீ, பித்தத்துக்கு எலுமிச்சை டீ, சர்க்கரை வியாதிக்கு ஆவாரம்பூ டீ. ஆவாரை இங்கே ரோட்டோரத்தில் சும்மா பூத்துக் கிடக்கிறது. சும்மா கிடைப்பதை வியாதிக்கு நல்லது என்று எழுதினால்தான் மனிதர்கள் மதிக்கிறார்கள்.

தூளிலும் எனக்கு விஷயம் தெரியும். டஸ்ட் நிறம் கொடுக்கும், இலைத்தூள் மணம் கொடுக்கும். நீலகிரித் தூளுக்கு வாசம் அதிகம், அஸ்ஸாம் தூளுக்குக் கனம் அதிகம். இரண்டையும் அளவாகக் கலந்தால் கிளாஸின் அடிவரை ஒரே நிறமாக இருக்கும். இதையெல்லாம் கேட்கிறவர்களுக்கு நின்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போய் டீ குடிப்பார்கள்.

எதிர்க் கடை அன்வர் பாஷாவுடையது. அறுபத்தெட்டில் வந்தார். பலகை கிடையாது, இஞ்சி கிடையாது, எலுமிச்சை கிடையாது. ஒரே டீ. அதற்குக் காலையிலிருந்து கூட்டம். ஒகேனக்கல் போகிற பஸ் எல்லாம் எங்கள் ஊரில் பத்து நிமிஷம் நிற்கும். பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் பாய் கடை முன்னால்தான்.

அவர் எப்படி டீ போடுகிறார் என்பதை ஆறு வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு அடிபம்பில் உப்புத் தண்ணீர். அவர் அதைத் தொடமாட்டார். விடியுமுன் சைக்கிளில் நான்கு குடம் கட்டிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டக் கிணற்றுக்குப் போய் நல்ல தண்ணீர் கொண்டுவருவார். வடிகட்டுகிற துணியை மணிக்கு ஒருமுறை வெந்நீரில் அலசுவார். ஒருமுறை போட்ட தூளை மறுமுறை கொதிக்கவிட மாட்டார். பாலில் தண்ணீர் ஊற்ற மாட்டார். இரண்டு ஏலக்காய் தட்டிப் போடுவார். அவ்வளவுதான். இவ்வளவு சாதாரணமான விஷயங்களுக்காக யாராவது ஒரே டீயை ஒரு நாளைக்கு நான்கு தடவை குடிப்பார்களா? அதில் வேறு ஏதோ இருந்தது. ஜனங்களின் உடம்புக்கு ஆகாத ஏதோ ஒன்று. எனக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போகும்போது அவர் கடையை நான் பார்த்துக்கொள்வேன். மாரியம்மன் பண்டிகைக்கு நான் போனால் என் கடையை அவர் பார்த்துக்கொள்வார். தொழில் போட்டி வேறு, இது வேறு. சாவி கூடக் கொடுப்பதில்லை, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு "குப்பண்ணா, பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை. ஆறு வருஷத்தில் ஏறக்குறைய முந்நூறு வெள்ளிக்கிழமை. முந்நூறு முறையும் அவர் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். தூள், சர்க்கரை, ஏலக்காய். பலகையைத் தூக்கிப் பார்த்தேன், சாக்கை உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தால் இப்படி ஒளிக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஒரு மணி நேரம் அவர் தூளில், அவர் தண்ணீரில் நானே டீ ஆற்றிக் கொடுப்பேன். பஸ் கண்டக்டர் முனிராஜ் ஒரு வெள்ளிக்கிழமை குடித்துவிட்டு, பத்துப் பேர் நடுவில் சொன்னான்:

"குப்பு, பாய் கடையில நின்னா நீ கூட நல்லாத்தான்டா போடற. உங்கடையிலதான் உன் கைக்கு என்னமோ ஆவுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முனிராஜ் நல்ல பையன். இதை ஒரு காரணமாக எழுதவில்லை, ஞாபகம் வந்ததால் எழுதுகிறேன்.

இனி நீங்கள் கேட்ட கலப்படம்: புளியங்கொட்டைத் தோல். ஆமாம், கலந்தேன். எங்கள் ஊரில் மாசி பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். பாஞ்சாலி என்று ஒரு அம்மாள் கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, நூலுக்குக் கஞ்சி போட மில்லுக்கு அனுப்புவார். தோலைக் குப்பையில் கொட்டுவார். நான் அதை வாங்கி இடித்துச் சலித்துத் தூளோடு சேர்த்தேன். நிறம் அபாரமாக வரும். துவர்ப்பு இருக்கும். துவர்ப்பு உடம்புக்கு நல்லது என்று எந்த வைத்தியரும் சொல்வார். "எதுக்கு குப்பு இது?" என்று பாஞ்சாலி ஒருமுறை கேட்டார். செடிக்கு உரம் என்றேன். "உங்கூட்ல ஏதுப்பா செடி?" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அதில் ஒரு சிறிய சங்கடம் இருந்தது. அந்த டீயை இரண்டு நாள் தொடர்ந்து குடித்தால் வயிறு கட்டிக்கொள்ளும். சிலருக்கு நான்கு நாள் வரை ஒன்றும் நடக்காது. மனிதன் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால் பலகையில் ஒரு வரி சேர்த்தேன்: மலச்சிக்கலுக்கு மூலிகை டீ, மாலை நான்கு மணிக்கு மேல். நிலாவாரை இலை போட்டது. நன்றாக வேலை செய்யும். காலையில் என் டீ குடித்தவர்கள் மாலையிலும் என்னிடமே வந்தார்கள். முனிராஜுக்குத்தான் முதலில் புரிந்தது.

"ஏன்டா குப்பு, காத்தால பூட்டு விக்கற, சாயங்காலம் சாவி விக்கற. நடுவுல எங்க வயித்த என்ன கதவுன்னு நெனச்சியா?"

அதை விளையாட்டுக்குத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மூலிகை டீயைக் குடித்தான்.

ஆனாலும் பாய் கடைக் கூட்டம் குறையவில்லை. அவர் கசகசாத் தோலை ஊறவைத்துச் சேர்க்கிறார், அதனால்தான் ஜனங்கள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. பாப்பாரப்பட்டியிலிருந்து கூட ஆட்கள் வந்து, "பாய், அந்த டீ ஒண்ணு போடுங்க" என்று கண்ணடித்துக் கேட்டார்கள். அவர் எப்போதும் போடுகிற டீயைத்தான் போட்டார். குடித்துவிட்டு, "ஆமாங்க, லேசா கிர்ருங்குது" என்று சொல்லி இன்னொன்று கேட்டார்கள். ஜனங்களின் ஆரோக்கியத்தில் ஜனங்களுக்கே அக்கறை இல்லாதபோது யாராவது ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

எழுபத்து நான்கில் ஆடிப் பதினெட்டு வெள்ளிக்கிழமையில் வந்தது.

அன்றைக்கு ஒகேனக்கல்லில் காவேரியில் முழுக மாவட்டமே எங்கள் ஊர் வழியாகப் போகும். ஒரு பஸ் போனால் பின்னாலேயே இன்னொன்று. பாய் வழக்கத்தைவிட மூன்று மடங்கு தூளைப் பெரிய டப்பாவில் கலந்து வைத்திருந்தார். அவ்வளவு கூட்டத்திலும் பன்னிரண்டரை மணிக்குக் கையைக் கழுவித் தொப்பியை மாட்டினார். "குப்பண்ணா, இன்னைக்கு உங்களுக்குத் தொந்தரவுதான். சீக்கிரம் வந்துர்றேன்" என்றார். என் கடையை இழுத்து மூடிவிட்டு அவர் கடையில் போய் நின்றேன்.

நிலாவாரை சாவி என்றால், நேர்வாளம் கதவையே உடைக்கிற சாமான். வைத்தியர்கள் பேதிக்கு அதன் விதையை விஷம் முறியச் சுத்தி செய்து, துளியிலும் துளிதான் கொடுப்பார்கள். நான் முந்தின வாரமே நாட்டு மருந்துக் கடையில் சுத்தி செய்யாததைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். மாட்டுக்கு என்று சொன்னேன். வறுத்து இடித்தால் டஸ்ட் தூளுக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. அவர் டப்பாவில் கொட்டிக் கரண்டியால் அடிவரை கலந்தேன். நான் எதையும் அரைகுறையாகக் கலப்பதில்லை. பிறகு ஒன்றரை மணி வரை வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு டீ கொடுத்தேன். குழந்தைகளுக்குக் கொடுக்கவில்லை. குழந்தைகளுக்கு டீ நல்லதல்ல என்று தாய்மார்களிடம் எடுத்துச் சொன்னேன்.

பாய் வந்தார். நன்றி சொன்னார். அதே டப்பாவிலிருந்து தொடர்ந்து போட்டார். வேலை நேரத்தில் அவர் டீ குடிக்க மாட்டார், அது அவர் பழக்கம்.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மூன்றரை மணிக்கு முனிராஜ் வந்து சொன்னான். அவன் மட்டும் அன்றைக்கு டிபன் சாப்பிட நேரமில்லாமல் டீயையும் விட்டிருந்தான்.

"எஞ்சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல குப்பு. மடம் செக்போஸ்ட் தாண்டி காட்டு எறக்கத்துல போறோம், நான் விசிலே அடிக்கல, வண்டி நிக்கறதுக்குள்ள பாதிப் பேரு காட்டுக்குள்ள. ஆனை இருக்குதுங்கன்னு கத்தறேன். ஆனைய நாங்க பாத்துக்கறோம், நீ வண்டிய எடுத்துராதங்கறாங்க. தாலிக்கயிறு மாத்தப் போன பொண்ணு மஞ்சக்கயித்தக் கையில புடிச்சிக்கிட்டே ஓடுது. பின்னாடி அவம்புருசன், அவனுக்குப் பின்னாடி அவ மாமியா. முன்னாடி வண்டியும் நிக்குது, பின்னாடி வண்டியும் நிக்குது. காடு பூரா ஜனம்."

எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

நான்கு மணிக்கு மற்ற பஸ்களும் திரும்பின. இறங்கியவர்கள் நேராகப் பாய் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள். பஞ்சாயத்துச் சுகாதார மேஸ்திரியும் வந்துவிட்டார். பாய்க்கு முதலில் விஷயமே விளங்கவில்லை. விளங்கியதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"என் டீயிலயாங்க? என் பொண்டாட்டி புள்ளைங்க குடிக்கற டீங்க இது. உங்க முன்னாடியே குடிக்கறேன், பாருங்க."

ஒரு கிளாஸ் போட்டுக் குடித்தார்.

"ஒண்ணு குடிச்சா ஆச்சா பாய்?" என்றார்கள். இரண்டாவது குடித்தார். "நாங்க ரெண்டு மூணு குடிச்சோம்" என்றது இன்னொரு குரல். மூன்றாவதும் குடித்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"குப்பண்ணா, ஜும்மாவுக்குப் போனப்ப நீங்கதான இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க. ஏதாச்சும் தப்பா இருந்துச்சா?"

ஊரே என்னைப் பார்த்தது. "நான் இருந்த வரைக்கும் ஒண்ணும் இல்லைங்க. அதுக்கு முன்னாடி என்னென்ன போட்டாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன். இரண்டாவது வாக்கியம் முழுக்க உண்மை. ஆறு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான்.

பாய்க்கு முதல் வாக்கியம் மட்டுமே காதில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா, குப்பண்ணாவே சொல்லிட்டாரு" என்று நான்காவது கிளாஸுக்குக் கை நீட்டினார். அதை நான்தான் ஆற்றிக் கொடுத்தேன். நன்றாக ஆற்றினேன். சூடாகக் குடித்தால் நாக்கு வெந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் அவர் விழுந்தார். வாந்தியும் பேதியுமாக ஜீப்பில் போட்டுத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கடை திறந்தபடியே கிடந்தது. பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தான், பார்த்துக்கொண்டேன். அந்தப் பெரிய டப்பாவைக் கழுவி, காயவைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

காலரா என்று பேச்சுக் கிளம்பியது. சுகாதார ஆட்கள் வந்து ஊர் முழுக்க ஊசி போட்டார்கள், வீதியெல்லாம் பிளீச்சிங் பவுடர். எனக்கும் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. தண்டனை கொடுக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

அந்த வாரம்தான் என் டீயின் அருமை ஊருக்குத் தெரிந்தது. புளியங்கொட்டைத் தோல் போட்ட டீ எப்படிப்பட்ட வயிற்றையும் நிறுத்திவிடும் அல்லவா? முதலில் நான்கு பேர் குடித்தார்கள், நின்றது. பிறகு நாற்பது பேர். பிறகு வரிசை. "குப்பு டீ குடிச்சா நிக்குது" என்று சுகாதார மேஸ்திரியே வீடு வீடாகச் சொன்னார். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கொடியேற்றிவிட்டு எனக்குத் துண்டு போர்த்தினார்கள். அந்தத் துண்டு இன்னும் இருக்கிறது. தேவைப்பட்டால் சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் பாயின் மனைவி வஹிதா கையில் தூக்குப்போசியோடு என் கடைக்கு வந்தார். அதுவரை அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை.

"அண்ணா, ஆஸ்பத்திரியில குளுகோஸ் ஏத்தியும் நிக்கலீங்க. மனுசன் அடையாளமே தெரியலீங்க. ஊரே உங்க டீயச் சொல்லுது. அவருக்குக் கொஞ்சம் குடுங்கண்ணா."

கொடுத்தேன். விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன். ஆறு நாள் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஒன்பதாம் நாள் பாய் எழுந்து உட்கார்ந்தார். டாக்டர்கள் குளுகோஸ் என்றார்கள். வஹிதா என் டீ என்றார். யார் சொன்னது சரி என்று உங்கள் ஆய்வுக்கூடம் சொல்லட்டும்.

எல்லோரும் எழுந்து உட்காரவில்லை. பாப்பாரப்பட்டி மாதப்பன் என்பவர் பஸ்ஸிலிருந்து இறங்கவே இல்லை. சீட்டில் சாய்ந்தபடி இருந்தார், தூங்குகிறார் என்று முனிராஜ் நினைத்தானாம். அறுபத்தெட்டு வயது. ஏற்கனவே இருமல். காலரா என்று எழுதினார்கள். அதை என் பெயரில் எழுத வேண்டுமா என்று நீங்கள் யோசித்து முடிவு செய்யுங்கள். இருமல் அவருக்கு முன்பே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்கு டீ கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சர்க்கரை கம்மியாகக் கேட்டார்.

பாய்க்குப் பஸ் ஸ்டாண்டில் மறுபடி கடை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் யாரும் குடித்திருக்க மாட்டார்கள். குடும்பத்தோடு கடத்தூருக்குப் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரே கை விட்டப்ப நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பேசினீங்க" என்றார். நான் மறுக்கவில்லை. புறப்படுகிறவர் மனத்தைக் கஷ்டப்படுத்துவது எனக்குப் பிடிக்காது.

அவர் இடத்தையும் நானே எடுத்தேன். அடுப்பும் அவருடையதே. ஒரு மாதம் நல்ல கூட்டம். அப்புறம் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பாய் கடை டீ மாதிரி வரலீங்களே" என்றார். அடுத்த நாள் இன்னொருவர். பேதியில் கிடந்தவர்களே அப்படிச் சொன்னார்கள். அடிபம்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது இரண்டு மைல் சைக்கிள் மிதிக்க நான் பைத்தியக்காரன் இல்லை. தண்ணீரில் ஒன்றும் இல்லை. அது வேறு ஏதோ.

ஆகவே அய்யா, எழுதிக் கொடுக்கிறேன். டீத்தூளில் புளியங்கொட்டைத் தோல் கலந்தது நான்தான். ஆடிப் பதினெட்டு அன்று அன்வர் பாஷா கடைத் தூளில் நேர்வாளம் கலந்ததும் நான்தான். அவர் கலக்கவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல மனநிலையில் எழுதுகிறேன்.

ஐந்து வருஷமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் கடத்தூர் போகிறேன். சந்தைப் பக்கம் அவர் ஒரு தள்ளுவண்டி வைத்திருக்கிறார். முன்னைவிடக் கூட்டம். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். "குப்பண்ணா, அன்னைக்கு எனக்குக் குடுத்து விட்டீங்களே, அந்த டீயில என்ன போட்டீங்க? இப்பவாச்சும் சொல்லுங்க" என்பார். தொழில் ரகசியம் என்பேன். சிரிப்பார். நானும் பதிலுக்கு அவர் டீயில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். "நல்ல தண்ணிங்க, தொவச்ச துணிங்க, வேறென்ன இருக்குது" என்பார். கண்ணைக் கூடச் சிமிட்டாமல் சொல்வார். மூன்று கிளாஸ் குடித்துப் பார்ப்பேன். சில வாரம் நான்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். விசாரணையை எந்த நாளில் வேண்டுமானாலும் வையுங்கள், வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். அந்த ஆள் அதில் என்ன கலக்கிறான் என்பதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.